ரீல் வாங்கப் போறீங்களா? பேரிங்கை எண்ணாதீங்க, நூலைப் பாருங்க!

சென்னை வாலிபர்களைப் பொய் மீன் தூண்டில் மோகம் பிடித்து ஆட்டுகிறது.

புழு வேண்டாம். இறால் வேண்டாம். பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் செய்த பொய் மீனை வீசுகிறார்கள். ரீலைச் சுற்றி இழுக்கிறார்கள். நிஜ மீன் என்று நம்பி கொடுவா பாய்ந்து கவ்வுகிறது!

எண்ணூர், அடையாறு முகத்துவாரம், முட்டுக்காடு, கோவளம் பக்கம் விடிகாலையில் போனால் ராடும் கையுமாக நிற்பவர்களைப் பார்க்கலாம்.

ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் தண்ணீரில் கோட்டை விடுவதில்லை. கடையிலேயே கோட்டை விடுகிறார்கள்! காசு போகிறது. விரல் அறுபடுகிறது. வாயில் முள்ளோடு மீனும் ஓடிப்போகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பேரிங் மோகம்

"அண்ணே, இதை எடுத்துக்கோங்க. பதினோரு பேரிங்! டிராக் பன்னெண்டு கிலோ!"

கடையில் இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும். புது ஆள் மயங்கி விடுவார்.

பேரிங் அதிகம் என்பதால் ரீல் நல்லது ஆகிவிடாது. மட்டமான பேரிங் பதினொன்று இருந்தால், உப்புத் தண்ணீர் பட்டதும் பதினொன்றும் துருப்பிடிக்கும். நாலைந்து தரமான பேரிங் உள்ள ரீல் அதைவிட அதிக நாள் உழைக்கும்.

ஆயிரம் ரூபாய்க்கும் ரீல் இருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது. புதியவருக்கு இரண்டுமே வேண்டாம். பெயருள்ள கம்பெனியின் நடுத்தர ரீல் போதும்.

பெயரைப் பார்த்து மட்டும் வாங்கினாலும் ஆபத்து உண்டு. பிரபல கம்பெனி எழுத்தை ஒட்டிய போலி ரீல்களும் விற்பனைக்கு வருகின்றன. பாதி விலைக்கு "அசல்" என்றால் சந்தேகப்பட வேண்டும். பில், வாரண்டி அட்டை கேட்டு வாங்க வேண்டும்.

கடையிலேயே கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். "கறகற" என்று சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

எந்த ரீல்?

ரீலில் முக்கியமாக இரண்டு சாதி. ஒன்று ஸ்பின்னிங் ரீல். இன்னொன்று பெயிட்காஸ்டிங் ரீல்.

பெயிட்காஸ்டிங் ரீலில், வீசும்போது நூல் சுற்றிய உருளையே சுழலும். பொய் மீன் போகும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றால் தீர்ந்தது! நூல் சிடுக்கு விழுந்து ஒரே பந்தாகிவிடும். கட்டை விரலால் உருளையை அடக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது.

ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது உருளை அசையாது. நூல் மட்டும் உருளையின் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகும். சிக்கு குறைவு. புதியவர்களுக்கு இதுதான் சரி.

இந்த வித்தைக்கு வழி காட்டியவர் இங்கிலாந்தில் பிராட்போர்டு ஊரைச் சேர்ந்த இல்லிங்வொர்த் என்ற கம்பளி மில் முதலாளி. 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

இன்று கொடிகட்டிப் பறக்கும் ஜப்பான் கம்பெனி ஷிமானோவும் தூண்டிலில் பிறந்தது அல்ல. 1921-ல் சைக்கிள் பிரீவீல் செய்யத் தொடங்கியது. தூண்டில் சாமானுக்கு வந்தது 1970-ல்தான்!

நம்பர் கணக்கு

ரீலின் மேல் 1000, 2500, 4000 என்று போட்டிருக்கும். அது கிலோ அல்ல. ரீலின் அளவு. நம்பர் ஏற ஏற ரீல் பெரிதாகும். நூலும் அதிகம் பிடிக்கும். கனமும் கூடும்.

ஒரு கம்பெனியின் 3000-மும் இன்னொரு கம்பெனியின் 3000-மும் அச்சாக ஒரே அளவில் இருக்காது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முகத்துவாரத்தில் கொடுவா, செப்பிலி பிடிக்க 3000 அல்லது 4000 போதும். "பெரிய ரீல் இருந்தால் பெரிய மீன்" என்று 8000 வாங்கினால், அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கழன்றுவிடும். பொய் மீன் தூண்டிலில் சும்மா உட்கார வேலை இல்லை. வீசுவது, இழுப்பது, மறுபடி வீசுவது. நாள் முழுக்க இதே வேலை!

பெட்டியில் 5.2:1, 6.2:1 என்றும் இருக்கும். கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் ரீலின் தலை எத்தனை தடவை சுற்றும் என்பதே அந்தக் கணக்கு. 4000 அளவில் 6.2 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 1 மீட்டர் நூல் வரும். பாறை, சீலா போன்ற வேகமான மீனுக்கு அது உதவும். பழகுகிறவருக்கு 5.2 போதும்.

நூல் மூன்று வகை

இனிதான் முக்கியமான கட்டம்.

நைலான் நரம்பு: மீனவர்கள் தங்கூசி என்பது இதைத்தான். விலை மலிவு. முடிச்சு எளிது. ஆனால் ரப்பர் மாதிரி நீளும். தூரத்தில் மீன் கொத்தினால் கைக்குத் தெரிவது குறைவு.

பிரெய்டு: பல இழைகளைப் பின்னிச் செய்த பாலிஎதிலீன் நூல். நீளவே நீளாது என்று சொல்லலாம். கொத்தியது உடனே கைக்கு வரும். அதே பலமுள்ள நைலானில் பாதி தடிமன்தான் இருக்கும். அதனால் தூரம் போகும். தண்ணீரில் மிதக்கும். ஆனால் பாறையில், சிப்பியில் உரசினால் பட்டென்று அறுந்துவிடும்.

புளோரோகார்பன்: தண்ணீருக்குள் கண்ணுக்கு எளிதில் தெரியாது. உரசலைத் தாங்கும். மூழ்கும். முறுக்கானது. விலையும் அதிகம். 1971-ல் ஜப்பானில் தூண்டிலுக்கு வந்தது.

எதை வாங்குவது? இரண்டை வாங்க வேண்டும்! ரீல் நிறைய பிரெய்டு. அதன் நுனியில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு புளோரோகார்பன் அல்லது தடித்த நைலான். இந்த நுனித் துண்டுக்கு லீடர் என்று பெயர். கல்லிலும் மீனின் செவுளிலும் உரசப் போவது இதுதான். இது இல்லாமல் பிரெய்டை நேராகப் பொய் மீனில் கட்டினால், 500 ரூபாய் பொய் மீன் முதல் கல்லிலேயே காலி!

ஜப்பான் நூலில் 1, 1.5, 2 என்று நம்பர் இருக்கும். 1 என்பது 0.165 மில்லி மீட்டர் தடிமனைக் குறிக்கும். பலம் சுமார் 20 ராத்தல், அதாவது 9 கிலோ. கொடுவாவுக்கு 1.5 நம்பர் வைத்து, 30 அல்லது 40 ராத்தல் லீடர் கட்டினால் நல்ல தொடக்கம். சீலாவுக்குப் பல் கத்தி மாதிரி. அங்கே லீடருக்குப் பதில் மெல்லிய கம்பிதான் நிற்கும். செடி கொடி மண்டிய ஏரியில் விராலை இழுக்க 50 ராத்தல் பிரெய்டு வேண்டும்.

நாலு இழை, எட்டு இழை என்று இரண்டு தினுசு. எட்டு இழை வழவழப்பு, விலை அதிகம். பழகுவதற்கு நாலு இழை போதும்.

சுற்றும்போது கவனம்

பிரெய்டை வெறும் உருளையில் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். மீன் இழுக்கும்போது, டிராக் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். முதலில் கொஞ்சம் நைலான் சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். ஈரத் துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லி மீட்டர் கீழே நிறுத்த வேண்டும். வழிய வழியச் சுற்றினால் சிக்கு. குறைத்துச் சுற்றினால் தூரம் போகாது.

வீசியதும் பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள். பாதிச் சிக்கு அதிலேயே ஒழியும்.

டிராக் என்பது பிரேக். பெட்டியில் 12 கிலோ என்று இருந்தால் 12 கிலோவுக்கு முறுக்கக் கூடாது. நூலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். 9 கிலோ நூல் என்றால் 3 கிலோ. ஒரு ஸ்பிரிங் தராசில் கட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மீன் நூலை உருவிக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். நூல் முறுக்கேறிப் பாழாகும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். உப்போடு மூலையில் போட்டால் ஒரே மாதத்தில் ரீலுக்குச் சங்கு!

மாஞ்சாவின் தம்பி

பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. கல்லில் மாட்டினால் ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள். விரலில் சுற்றினால் எலும்பு வரை இறங்கும்.

அறுந்த நூலைக் கரையில் போடுவது அதைவிடப் பெரிய குற்றம். மாஞ்சா கயிறு கழுத்தை அறுத்துக் குழந்தைகள்கூட உயிர்விட்ட ஊர் இது. 2017-ம் ஆண்டு ஜூலையில் தேசிய பசுமை தீர்ப்பாயம், நைலான் மற்றும் சிந்தெடிக் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை போட்டது. தூண்டில் நரம்பும் அதே ஜாதிச் சரக்குதான். மக்காது. கொக்கு, நாரையின் காலில் சுற்றும். ஆமையின் கழுத்தில் சுற்றும். காற்றில் பறந்து சாலைக்கு வந்தால் ஸ்கூட்டரில் போகிறவர் கதி என்ன?

வெட்டிய நூலை ஒரு பழைய பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.

இன்னொன்று. கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். மேலே மின் கம்பி போகும் இடத்திலும், இடி மின்னல் நேரத்திலும் ராடைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

ஆக, 3000 அல்லது 4000 ஸ்பின்னிங் ரீல், 1.5 நம்பர் பிரெய்டு 150 மீட்டர், 30 ராத்தல் லீடர், ஒரு கத்தரிக்கோல். இவ்வளவுதான் முதல் நாள் சாமான். மிச்சக் காசுக்குப் பொய் மீன் வாங்குங்கள். அது எப்படியும் கல்லில் போகும்!