சர்வர் மாறினால் தமிழ் ஏன் உடைகிறது?

சர்வர் வாடகைக்கு விடும் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2016இல் பெங்களூரில் தரவு மையம் திறந்தது. அமெரிக்க சர்வரில் கிடந்த தமிழ்த் தளத்தை உள்ளூருக்கே கொண்டுவர அது நல்ல வழி. பக்கம் சட்டென்று திறக்கும். ஆனால் பல வருடம் எழுதிச் சேர்த்த வேர்ட்பிரஸ் தளம் என்றால், இடம் மாறும் அன்றுதான் எழுத்து உடையும். உடைந்தது எப்படித் தெரிகிறது என்று பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் கவலை இல்லை. பார்க்கும் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

தலையில் கோடு போட்ட ஐரோப்பிய ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால் உங்கள் எழுத்து உயிரோடு இருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். அதில் முதல் பைட்தான் அந்த ‘ஏ’. இரண்டாவது பெரும்பாலும் அந்த வட்ட ‘ஆர்’. கன்னடப் பக்கம் உடைந்தால் வட்டத்துக்குப் பதிலாக மேலே ஏறிய சின்ன 2 அல்லது 3 தெரியும். இரு மொழியிலும் தளம் நடத்துபவர்கள் இதை வைத்தே எது எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

காரணம் பழையது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, வேறு சொல்லாவிட்டால், எல்லாவற்றையும் லத்தீன்-1 என்றே பதிந்துகொண்டது. வேர்ட்பிரஸில் எழுத்துமுறையைக் குறிப்பிடும் வரி 2007இல் வந்த 2.2 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் தொடங்கிய தளங்களில் தமிழ் பைட்டுகள் லத்தீன் என்ற பெயரில் உள்ளே போயின. அதே பெயரில் வெளியே வந்தன. போவதும் வருவதும் ஒரே வழி என்பதால் யாருக்கும் தெரியவில்லை. புதிய சர்வர் யுடிஎஃப்-8இல் பேசுகிறது. லத்தீன் என்று எழுதியிருப்பதை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக மாற்றித் தருகிறது.

சோதிக்க எளிய வழி உண்டு. டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் எழுத்துமுறை வரியைத் தற்காலிகமாக லத்தீன்-1 ஆக்குங்கள். தமிழ் திரும்பி வந்தால் நோய் இதுதான். அதோடு நிறுத்திவிட்டு, தரவுத்தளத்தின் நகலில் சிகிச்சையைத் தொடங்குங்கள். உரை இருக்கும் நெடுவரிசையை முதலில் பைனரி வகையாக்க வேண்டும். அதன்பிறகே யுடிஎஃப்8எம்பி4 ஆக்க வேண்டும். நேராக மாற்றினால் பிழையின் மேல் இன்னொரு பிழை ஏறிக்கொள்ளும். இந்த இரண்டு படியைச் சொல்லாத வழிகாட்டிகளை நம்ப வேண்டாம்.

பயப்பட வேண்டியது கேள்விக்குறிகளுக்குத்தான். தரவுத்தளத்தைத் திறந்து காட்டும் பிஎச்பிமைஅட்மினில் போய்ப் பாருங்கள். அங்கே தமிழ் நன்றாக இருந்தால் இணைப்பில் மட்டும் கோளாறு. எழுத்துமுறை வரியைச் சரிசெய்தால் போதும். அங்கேயும் கேள்விக்குறி என்றால் அந்தப் பைட்டுகள் போய்விட்டன, எந்த மந்திரமும் மீட்காது. தளத்தில் கேள்விக்குறி தெரியும்போது எடிட்டரைத் திறந்து ‘அப்டேட்’ அழுத்துபவர்கள், நல்ல எழுத்தின் மீது கேள்விக்குறியைத் தாங்களே எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் பழைய சர்வர் கணக்கை உடனே மூடக்கூடாது என்கிறேன். ஒரு மாத வாடகை பெரிதல்ல. எழுதிய எழுத்து பெரிது.

இமோஜி வேறு கதை. அதற்கு 4 பைட் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்8 அட்டவணையில் 3க்கு மேல் இடமில்லை. கண்டிப்பில்லாத அமைப்பில் அந்த இமோஜியிலிருந்து கட்டுரையின் மிச்சம் முழுவதும் வெட்டுப்படும். 2015இல் வந்த வேர்ட்பிரஸ் 4.2 முதல் அட்டவணைகள் முடிந்தவரை தாமாகவே யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றப்படுகின்றன.

பக்க முகவரியிலும் ஒரு சிக்கல். வேர்ட்பிரஸ் அதற்கு 200 இடம்தான் தருகிறது. ஒரு தமிழ்க் குறி அதில் 9 இடம் பிடிக்கிறது. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி. அல்சூர் ஏரிக்கரைச் சங்கத்தைப் பற்றி ‘பெங்களூர்த் தமிழ்ச் சங்கம்’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘சங்க’ என்பதோடு முடிந்துவிடும். ‘ம்’ வைக்க இடமில்லை. ஒரே மாதிரி தொடங்கும் நீண்ட தலைப்புகள் ஒரே முகவரிக்கு வந்து மோதும். அப்போது வேர்ட்பிரஸ் கடைசியில் 2, 3 என்று எண் ஒட்டும். வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் இரண்டு சிறிய சொற்களை நீங்களே எழுதிவிடுங்கள்.