படகுப் பொறி எண்ணெய் வடிகட்டி

படகுப் பொறி எண்ணெய் வடிகட்டி (ஆயில் ஃபில்டர்) என்பது உயவு எண்ணெயிலிருந்து கரித்துகள், உலோகத்துகள் ஆகியவற்றைப் பிரிக்கும் உறுப்பு ஆகும்.

படகின் பொறியறை குறுகியது. வடிகட்டியைக் கழற்றும்போது சிந்தும் எண்ணெய் படகின் அடியில் தேங்கும். அங்குள்ள நீரை இறைக்கும் பம்பு அதைக் கடலில் கலந்துவிடும். எனவே சில படகுகளில் வடிகட்டி பொறியிலிருந்து விலக்கி, கைக்கெட்டும் இடத்தில் குழாய்கள் மூலம் இணைக்கப்படுகிறது.

திருகு வகை வடிகட்டியை மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் பொறியிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அதைக் கவனியாமல் புதியதைப் பொருத்தினால், எண்ணெய் அழுத்தத்தால் இரு வளையங்களுக்கிடையே கசிவு ஏற்படும். நடுக்கடலில் எண்ணெய் தீர்ந்து பொறி இறுகிவிடக்கூடும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, அது பொறியைத் தொட்டபின் பொதுவாக முக்கால் சுற்று, கையால் மட்டுமே இறுக்கப்படுகிறது. பின்னர் பொறியை இயக்கிக் கசிவு உள்ளதா எனப் பார்ப்பர்.