வயிற்றையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பா

விசா வந்துவிட்டது, ஸ்வெட்டர் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் 'பாதி வழியில் வயிற்றைக் கலக்கினால் என்ன செய்வது?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் பயணத்தையே கைவிடுபவர்கள் உண்டு. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களின் சங்கடம் இது. ஸ்கேனிலும் எண்டோஸ்கோபியிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் வலியும் உப்புசமும் நிஜம். சிலருக்குக் கழிச்சல், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்வது உண்மைதான். டூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய ஆறுதல் இல்லை.

குடலுக்கும் கடிகாரம் உண்டு

பெருங்குடல் இரவில் அடங்கிக் கிடந்து, விடிந்ததும் சுறுசுறுப்பாகும். சென்னையில் காலை 6 மணிக்குப் போய்ப் பழகியவருக்கு, கோடைக்காலப் பாரிசில் அந்த உந்துதல் நள்ளிரவு தாண்டி 2.30 மணிக்கு வரலாம். இரண்டு மூன்று நாள் வராமலே போகலாம். போதாக்குறைக்கு, குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்பவை. அவசரம் வந்துவிடுமோ என்ற பயமே அவசரத்தைக் கொண்டுவந்துவிடும். அதனால் முதல் இரண்டு நாள் காலையில் இறுக்கமான நிகழ்ச்சி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, சூடாக ஏதாவது குடித்து, வயிற்றுக்கு அவகாசம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பிட்டால்தானே தொல்லை என்று பகலெல்லாம் பட்டினி கிடப்பது பலரின் வழக்கம். இது தவறான தந்திரம். இரைப்பை நிரம்பினால் பெருங்குடல் சுருங்கும் என்பது உடலின் இயல்பு. பட்டினிக்குப் பின் ஒரே மூச்சில் சாப்பிட்டால் அந்தச் சுருக்கமும் பலமாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்குச் சாப்பிடுவதே நல்லது.

விமானத்தில்

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. கிட்டத்தட்ட ஊட்டி உயரம். அங்கே குடலுக்குள் இருக்கும் வாயு கால் பங்குக்கும் மேல் விரியும். முதல் நாள் இரவு ராஜ்மா, பட்டாணி, காலிஃபிளவர் வேண்டாம். விமானத்தில் சோடாவும் சர்க்கரையில்லாச் சூயிங்கமும் வேண்டாம். அந்தச் சூயிங்கத்தில் பெரும்பாலும் இருக்கும் சார்பிட்டால் வயிற்றை இளக்கும். வெங்காயம், பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜெயின் உணவு கேட்டு வாங்கலாம். அதில் இரண்டும் இருக்காது. பருப்பு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். வழக்கமாக 24 மணி நேரம் முன்பாவது சொல்லிவைக்க வேண்டும். இருக்கை நடைபாதை ஓரமாக இருக்கட்டும்.

இந்திய ஹோட்டல்தான் நல்லதா?

மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஃபாட்மேப்' குறைந்த உணவுமுறை இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, பால், ஆப்பிள் போன்றவற்றில் உள்ள சிலவகை மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன; இவைதான் ஃபாட்மேப். நம் ஊர்க் குழுப் பயணங்களில் இரவுச் சாப்பாடு எங்கே? இந்திய ஹோட்டலில். அங்கே வெங்காய கிரேவி, சன்னா, நான். வீட்டுச் சாப்பாடு என்ற நிம்மதியோடு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை! வெறும் சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, மசாலா இல்லாமல் சுட்ட மீன் இவையெல்லாம் எந்த ஐரோப்பிய ஊரிலும் கிடைக்கும். இத்தாலியில் 'சென்சா க்ளூட்டினே' என்று கேட்டால் கோதுமை இல்லாத பாஸ்தா தருவார்கள். லாக்டோஸ் நீக்கிய பால் சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கும். ஆனால் உங்களுக்கு ஆகாதது எது என்பதை ஊரிலேயே கண்டுபிடித்துவைத்திருக்க வேண்டும். பயணத்தில் பரிசோதனை கூடாது.

கழிப்பறை எங்கே?

பாரிஸ் தெருக்களில் உள்ள தானியங்கிக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம். ஜெர்மனியின் பல ஊர்களில் 'நெட்டே டாய்லெட்டே' என்ற ஸ்டிக்கர் ஒட்டிய கடைகளில் எதுவும் வாங்காமலே உள்ளே போகலாம். 2000-இல் ஆலன் என்ற ஊரில் தொடங்கிய ஏற்பாடு இது. மற்ற இடங்களுக்குச் சில்லறை யூரோ நாணயங்கள் பையில் இருக்கட்டும். தண்ணீர் வசதி இருக்காது என்பதால் ஒரு சிறிய பாட்டிலும் வேண்டும். பஸ் பயணமென்றால் முதல் நாளே டூர் மேலாளரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். அதுவரை காத்திருக்க உங்களால் முடியாது. வெட்கத்தை விட்டுக் கேட்டால் நடுவிலும் நிறுத்துவார்கள்.

மருந்துப் பை

கழிச்சலுக்கு லோபரமைடு, சிக்கலுக்கு இசப்கோல், நீரிழப்புக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் என எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டு, மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஐ.பி.எஸ்.ஸுக்கு நம்மூரில் எழுதப்படும் சில மாத்திரைகளில் குளோர்டயாசெபாக்சைடு என்ற அமைதியூட்டி கலந்திருக்கும். பல நாடுகளில் இது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. வழியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் இறங்கி ஊர் சுற்றும் திட்டம் இருந்தால் முன் அனுமதி தேவையா என்று பார்த்துவிடுங்கள்.

காய்ச்சல், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல் இருந்தால் வழக்கமான ஐ.பி.எஸ். என்று விட்டுவிடாதீர்கள், கிருமித்தொற்றாக இருக்கலாம். காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது லோபரமைடு கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போதே ஐ.பி.எஸ். இருப்பதை எழுதிக்கொடுங்கள். மறைத்தால், வெளிநாட்டு மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் தர மறுக்கக்கூடும்.