உங்களுக்குத் தெரியுமா? – அடிபட்ட பால்யமும் வாலிபப் பருவமும்

பால்யத்தில் அடியும் வசவும் பட்டு வளர்ந்தவன் வாலிபனானதும் குற்றவாளியாகத்தான் திரிவான் என்னும் பொது அபிப்பிராயத்தைச் சோதிக்க விரும்பிய அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கேத்தி ஸ்பாட்ஸ் விடோம், 1967 முதல் 1971 வரை அந்நாட்டு மத்திய மேற்குப் பகுதி நியாயஸ்தலப் பதிவேடுகளில், 12 வயது நிரம்புமுன் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நிரூபணமான 908 குழந்தைகளைத் தேர்ந்து, வயது, பால், இனம், குடும்ப அந்தஸ்து ஆகியவற்றில் அவர்களை ஒத்த 667 பேரோடு ஒப்பிட்டு, 1989இல் முடிவுகளை வெளியிட்டார். இளம்பிராயத்தில் போலீஸாரிடம் கைதானவர்கள் முன்னவருள் நூற்றுக்கு 26, பின்னவருள் 17. வித்தியாசம் அற்பமன்று, ஆனால் எஞ்சிய 74 பேரை ஊர் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

கைதாகாதவர்கள் எல்லாரும் காயமின்றித் தப்பினார்கள் என்பதும் இல்லை. பெற்றவர் கை ஓங்கும்போது ‘தப்பு என்மேல்தான்’ என்றே குழந்தை பெரும்பாலும் நம்பிவிடுவதால், வளர்ந்து உத்தியோகத்தில் அமர்ந்த பின்னும் மேலதிகாரி சற்று முகம் சுளித்தாலே கைநடுங்குவதும், பாராட்டைப் பரிகாசமோ எனச் சந்தேகிப்பதும், சுயமதிப்புக் குன்றியதன் அறிகுறிகளாகச் சிலரிடம் நிலைத்துவிடுகின்றன. விடோமின் ஆய்விலோ, அடியே படாமல், வேளைக்குச் சோறும் சிரத்தையும் இன்றிக் கைவிடப்பட்ட குழந்தைகளிடையேகூட, பிற்காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானவர்களின் விகிதம் ஒப்பீட்டுக் குழுவினருடையதைவிட அதிகமாகவே இருந்தது.