பதிவு எண் இருந்தும் இடிப்பு உத்தரவு: மும்பை புறநகரில் வீடு தேடும் தமிழர்கள் அறிய வேண்டியவை

மும்பை: நகருக்குள் சொந்த வீடு எட்டாக்கனியாகிவிட்ட நிலையில், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தலைமுறைகளாக வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் டோம்பிவிலி, நாலாசோபாரா, நவி மும்பை எனப் புறநகர்களில் வீடு தேடுகின்றன. ஆனால், 2015-ஆம் ஆண்டு முதல் இந்த மூன்று பகுதிகளிலுமே மக்கள் குடியேறிய கட்டடங்களை இடிக்குமாறு மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

அரசுப் பதிவு எண், பத்திரப் பதிவு, வங்கிக் கடன் ஆகிய மூன்றும் இருந்தும் வீடு பறிபோகக்கூடும் என்பதே இந்த வழக்குகள் உணர்த்தும் பாடம்.

அன்றைய புறநகர்: இன்று நகரின் நடுவே இருக்கும் மாட்டுங்காவும் ஒரு காலத்தில் புறநகராக இருந்ததுதான். 1896-ல் பரவிய பிளேக் நோயைத் தொடர்ந்து, 1898-ல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அமைப்பு, நெரிசலைக் குறைக்கும் நோக்கில் தாதர்-மாட்டுங்கா பகுதியில் சாலை அமைத்து மனைகளைப் பிரித்தது. அங்கு எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களில், அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்தியர்கள் வாடகைக்குக் குடியேறினர். 1932-ல் தென்னிந்தியக் கல்விக் கழகம் மாட்டுங்காவில் தொடங்கப்பட்டது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நம்பி வந்தவர்களோ, சதுப்பு நிலத்தை ஒட்டிய தாராவியில் தங்கள் குடிசைகளைத் தாங்களே அமைத்துக் கொண்டனர்.

மாட்டுங்காவுக்குச் சென்றவர்களுக்கு நிலத்தை வகுத்துக் கொடுத்தது ஓர் அரசு அமைப்பு. இன்று புறநகருக்குச் செல்பவர், தாம் வாங்கும் நிலத்தின் வரலாற்றைத் தாமே படித்தறிய வேண்டியிருக்கிறது.

தாராவியில் நிலவும் அவசரம்: 2022 நவம்பரில் அதானி குழுமம் ரூ.5,069 கோடிக்கு ஏலம் கேட்டு, தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தைப் பெற்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 சதவீதமும் மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதமும் பங்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1-க்குள் வந்தவர்களுக்கு ரூ.2.5 லட்சம் விலையில் 300 சதுர அடி வீடு தாராவிக்கு வெளியே வழங்கப்படும். பின்னர் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் வசிப்போருக்கும், வெளியே வாடகையுடன் கூடிய தவணைத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

எந்தப் பட்டியலில் தங்கள் பெயர் இடம்பெறும் என்று தெரியாத குடும்பங்கள், கையிலிருக்கும் நகையையும் சீட்டுப் பணத்தையும் கொண்டு புறநகரில் முன்பணம் கட்டிவிடலாம் என எண்ணுவது இயல்பே. இந்த அவசரம்தான் போலிக் கட்டடங்களை விற்போருக்குச் சாதகமாகிறது.

மூன்று ரயில் பாதைகள்: மும்பையில் எந்தப் புறநகரைத் தேர்ந்தெடுப்பது என்பதை ரயில் பாதையே தீர்மானிக்கிறது. சயான், மாட்டுங்காவில் இருப்போருக்கு மத்திய ரயில்வே பாதையில் டோம்பிவிலியும் கல்யாணும். தாராவியின் மாகிம் பக்கம் இருப்போருக்கு மேற்கு ரயில்வே பாதையில் நாலாசோபாராவும் விராரும். செம்பூரில் இருப்போருக்குத் துறைமுகப் பாதையில் நவி மும்பையும் வாய்ப்பானவை. டோம்பிவிலி, சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து சுமார் 48 கி.மீ. தொலைவில் உள்ளது. விரைவு மின்ரயில்கள் வழக்கமாக சயானிலும் மாட்டுங்காவிலும் நிற்பதில்லை என்பதால், குர்லாவிலோ தாதரிலோ ரயில் மாற வேண்டும். விளம்பரத்தில் கூறப்படும் பயண நேரத்தில் இந்தக் காத்திருப்பு சேர்க்கப்படுவதில்லை. வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை செல்வதைக் காட்டிலும், வேலை நாளின் காலை நெரிசலில் ஒருமுறை பயணம் செய்து பார்ப்பதே உண்மையை உணர்த்தும்.

டோம்பிவிலியில் போலி அனுமதி: கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சிப் பகுதியில் 65 கட்டடங்களுக்கு, மாநகராட்சி அளித்ததைப் போன்ற போலி அனுமதிக் கடிதங்களைத் தயாரித்து, அவற்றைக் காட்டியே மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (மகாரெரா) பதிவு எண் பெறப்பட்டது அம்பலமானது. அந்த எண்ணை நம்பி மக்கள் வீடு வாங்கினர்; வங்கிகளும் கடன் வழங்கின. 2024 நவம்பரில் அக்கட்டடங்களை இடிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, மாதத் தவணை செலுத்திக் கொண்டிருந்தவர்கள் தங்கள் வீட்டைக் காக்கக் கோரி மாநில அரசிடம் முறையிட நேர்ந்தது.

இப்பகுதியைச் சூழ்ந்த 27 கிராமங்கள் 2002-ல் மாநகராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு, 2015-ல் மீண்டும் இணைக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அங்கு கட்டட அனுமதி வழங்கும் பொறுப்பு மாநகராட்சியிடம் இல்லை. எனவே, அனுமதிக் கடிதத்தின் தேதியையும் அதை வழங்கிய அமைப்பின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

நாலாசோபாராவில் ஒதுக்கப்பட்ட நிலம்: வசாய்-விரார் மாநகராட்சிக்கு உள்பட்ட நாலாசோபாராவில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் ஒதுக்கப்பட்ட நிலத்தில் 41 கட்டடங்கள் எழுந்தன. நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2024 இறுதியில் தொடங்கிய இடிப்புப் பணி 2025 தொடக்கத்தில் நிறைவுற்றது. மாநகராட்சியின் வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் அந்த நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்திருந்தால், வாங்குவோர் பணம் கட்டும் முன்பே விலகியிருக்கலாம்.

திகாவில் அரசு நிலம்: நவி மும்பையின் திகா பகுதியில், மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம், சிட்கோ ஆகிய அரசு அமைப்புகளுக்குச் சொந்தமான நிலத்தில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட கட்டடங்களை இடிக்கும் பணி 2015-ல் தொடங்கியது. அவற்றை வரன்முறைப்படுத்த மாநில அரசு முன்வைத்த கொள்கையை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. "தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தரகர்கள் அளிக்கும் உறுதிக்கு என்ன மதிப்பு என்பதற்கு இதுவே சான்று.

விதிமீறல் உயிரையும் பறிக்கிறது. 2013 ஏப்ரலில் தாணே அருகே மும்ப்ராவில் சட்டவிரோதமாக எழுப்பப்பட்டு வந்த கட்டடம் இடிந்து 74 பேர் உயிரிழந்தனர்.

மராத்தி ஆவணங்கள்: தமிழகத்தில் பட்டா, சிட்டா, அடங்கல் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, மகாராஷ்டிரத்தின் "சாத்-பாரா" ஆவணம் புதிதாகத் தோன்றும். ஏழாம் படிவம் நிலத்தின் உரிமையாளர் யார் என்பதையும், பன்னிரண்டாம் படிவம் அதில் பயிரிடப்பட்டது என்ன என்பதையும் காட்டுகின்றன. விவசாய நிலமாக இருப்பின், அது குடியிருப்புப் பயன்பாட்டுக்கு முறைப்படி மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பணி தொடக்கச் சான்று, கட்டி முடித்த வீடாயின், "ஓ.சி." என்று மும்பையில் அழைக்கப்படும் குடியேற்றச் சான்று. இவற்றின் நகலைக் கட்டுமான நிறுவனத்திடம் பெறுவதோடு நில்லாமல், சான்று அளித்ததாகக் கூறப்படும் அலுவலகத்திலேயே சரிபார்ப்பது நல்லது. மராத்தி தெரியாதவர்கள், கட்டுமான நிறுவனம் பரிந்துரைக்கும் வழக்குரைஞரைத் தவிர்த்து, தாமே ஒருவரை அமர்த்திக் கொள்வதே பாதுகாப்பு.

சட்டம் தருவதும் தராததும்: 2016 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இச்சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நில உரிமையில் குறைபாடு இருந்து இழப்பு ஏற்பட்டால், இழப்பீடு கோரக் கால வரம்பு இல்லை. அதே வேளையில், 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மிகாமலோ அமையும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை.

கட்டுமான நிறுவனமே தலைமறைவாகிவிட்டால் இழப்பீட்டு உரிமை காகிதத்திலேயே நின்றுவிடும். இதற்காகவே சட்டத்தின் 16-வது பிரிவு நில உரிமைக்குக் காப்பீடு பற்றிப் பேசுகிறது. ஆனால், அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் அது கட்டாயமாகும். டோம்பிவிலி மோசடிக்குப் பிறகு, அனுமதிக் கடிதம் உண்மையானதா என்பதை உள்ளாட்சி அமைப்பிடமே கேட்டு உறுதி செய்த பின் பதிவு எண் வழங்கும் நடைமுறையை மகாரெரா கொண்டு வந்தது. அதற்கு முன் வழங்கிய எண்களை நம்பியவர்களுக்கு இதனால் பயனில்லை.

போலிக் கடிதத்தை ஆணையம் கண்டறியவில்லை, வங்கியும் கண்டறியவில்லை, கட்டடம் எழும்பும்வரை மாநகராட்சியும் தடுக்கவில்லை. இறுதியில் வீட்டை இழக்கும் நிலைக்கு ஆளானவர் அதை வாங்கியவர் மட்டுமே. அரசு அளித்த எண்ணை நம்பியவரின் இழப்பில் அரசுக்கும் பங்கு உண்டா என்ற கேள்விக்கு நிறைவான விடை இன்னும் கிடைக்கவில்லை. அந்த விடை கிடைக்கும் வரை, தாராவியின் சிறு அறையை விட்டு வெளியேற நினைக்கும் குடும்பம், முன்பணம் கட்டும் முன் மாநகராட்சி அலுவலகத்துக்கு ஒருமுறை சென்று வருவதே அதற்கு இருக்கும் பாதுகாப்பு.