மாற்று மூட்டும் மன அமைதியும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் தென்காசியில் வீட்டு முற்றத்துக்கே சாரல் வந்துவிடும். குற்றாலத்துப் பேரருவியை நோக்கி ஊரே திரளும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு சாரல் பருவத்தில், முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட எம் அன்னையார் வீட்டோடு இருந்தார். மூட்டு நன்கு பொருந்திவிட்டது என்றார் மருத்துவர். ஆயினும் இரவில் அன்னையாருக்கு உறக்கமில்லை. வலியைவிட ஒரு கேள்வியே அவரை வாட்டியது: இனித் தம் நெற்றி தரையில் படுமா?

இத்தகைய அச்சத்தை ஈமானின் குறைபாடாகக் கருதுவோர் உளர், அது பிழை. அஞ்சும் உடலில் இதயத் துடிப்பு விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. அறுவை செய்த காலைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும்போது வலி மிகுகிறது. மிகுந்த வலி அச்சத்தை மேலும் வளர்க்கிறது. இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

உடலும் உள்ளமும் ஒன்றையொன்று பாதிப்பவை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஜைத் அல்பல்கீ அவர்கள் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடல்நலத்தோடு உளநலத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார். சினம், துயரம், அச்சம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்து விளக்கினார். திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல், மனக்கலக்கம் நேரும் வேளைக்கென நல்லெண்ணங்களை நலமாயிருக்கும்போதே சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

பிற்காலத்தில் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையை 1929இல் நூலாக வெளியிட்டார். தசை தளர்ந்தால் உள்ளமும் தளர்ந்து அமைதியுறும் என்பதே அதன் அடிப்படை.

பயிற்சி எளிது. தலையணையில் சாய்ந்து, ஒரு கையை வயிற்றின்மீது வைத்து, அக்கை மெல்ல உயருமாறு மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து வெளிவிட வேண்டும். இவ்வாறு ஐந்து நிமிடம் செய்தால் துடிப்புத் தணியும். பின்னர்க் கைவிரல்களை ஏறத்தாழ 5 விநாடி மடக்கி இறுக்கி, 20 விநாடி தளரவிட வேண்டும். தோள், முகம், வயிறு, நலமாயுள்ள கால் என ஒவ்வொன்றாகத் தொடரலாம். அறுவை செய்த காலை மட்டும் இயன்முறை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கலாகாது. இறுதியாகக் கண்மூடி, மனத்துக்கு இனிய ஓரிடத்தை நினைவிற்கொள்ளலாம். எம் அன்னையார் நினைத்தது ஐந்தருவியின் ஓசையை. காயம் ஆறுமுன் அருவி நீரோ வழுக்கும் பாறையோ ஆகாது. நினைவில் நீராடுவதற்குத் தடையேதுமில்லை!

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், காயத்தில் நீர் கசிதல் ஆகியவற்றை மனப்பதற்றமென்று தள்ளிவிடலாகாது. உடனே மருத்துவரை நாட வேண்டும். பயிற்சி மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

அன்னையாரின் கேள்விக்கு மார்க்கம் முன்பே விடை தந்துள்ளது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஸுஜூது செய்ய இயலாதவர் ருகூஉவைவிடச் சற்றுத் தாழக் குனிந்து சைகை செய்தால் போதும் என்பது ஃபிக்ஹு நூல்கள் தரும் விளக்கம். காயம் ஆறியபின் மண்டியிடலாமா என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டறிதல் நன்று.

இவ்விளக்கத்தை நாம் எடுத்துரைத்த அன்றிரவு அன்னையார் நெடுநேரம் உறங்கினார். இன்றும் அவர் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார். தக்பீருக்கு முன் சற்று நேரம் மூச்சை ஒழுங்குபடுத்திக்கொள்கிறார். அக்கேள்வியை அவர் மீண்டும் கேட்கவில்லை.