உங்களுக்குத் தெரியுமா? நெய்வேலியின் மிதமான நெருப்பு

மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தென்மேற்கே நெய்வேலிப் புகைபோக்கிகளில் கலக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கு நிலக்கரியை மட்டும் திட்டாதீர்கள். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சாதுவான அது, உலைச்சூடு சுமார் 1,300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆக்சிஜனோடு கைகோத்துவிடும்.

இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தின் 250 மெகாவாட் அலகுகள் இரண்டிலும், பழுப்பு நிலக்கரி காற்றில் மிதந்து சுழலும் சூடான துகள்களுக்கிடையே ஏறத்தாழ 850 டிகிரியிலேயே எரிகிறது. வறட்டிக் கனல் மாதிரி, நிதானமாக! எரிபொருளிலேயே இருக்கும் நைட்ரஜன் இதற்கு மசியாது; அதற்காகத்தான் இவ்வகைக் கொதிகலன்களில் காற்றைப் பகுதி பகுதியாக ஊட்டுவது.

2017 ஜனவரி முதல் நிறுவப்படும் அனல்மின் நிலையங்களுக்கு மத்திய அரசு 2015இல் அறிவித்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு: ஒரு கனமீட்டர் புகையில் 100 மில்லிகிராம்.